பாட்டுக்குப் பின்னால் கேட்ட சத்தம்

ஆஸ்திரேலியாவில் பிக்கப் வண்டிக்கு யூட் என்று பெயர். பேச்சில் அது எப்போதும் பெண்பால். வந்த முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. ஒரு ஜூலை மாதக் குளிரில், நான் வேலை செய்யும் பழப் பண்ணைக்கு எதிரே மெக்கானிக் கடை வைத்திருக்கும் கிரெக் என்னை நிறுத்தி, “எத்தனை நாளாக அவள் இப்படிக் கத்துகிறாள்? காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா?” என்று கேட்டார். என் மனைவி அப்படிப்பட்டவள் இல்லை, அவள் ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் என் பழைய யூட்டின் பானெட் மேல் கையை வைத்தார்.

அன்று அவர் ஒரு வித்தை காட்டினார். இன்ஜின் ஓடும்போதே பாட்டிலிலிருந்து பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தார். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் கோணலாக ஓடுகிறது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்துவிட்டது. என் வண்டியில் கூடியது. இறுக்கிக் கொடுத்தார். அந்தத் தைரியத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டில் காகிதம் கிழிந்து கரகரத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களை நானே கழற்றிப் புதிதாக இரண்டு மாட்டினேன். இந்த நாட்டில் யார் உதவியும் இல்லாமல் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான். உடனே படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். “எனக்கும் ரெண்டு அனுப்புடா” என்று பதில் வந்தது.

அண்ணன் ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் பழைய பிக்கப் ஒன்றை வைத்து வேர்க்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றுகிறவர். நான் புறப்பட்ட அன்று அந்த வண்டியில்தான் சென்னை விமான நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். அதில் பாட்டு கிடையாது, ஸ்பீக்கரில் வண்டு பறப்பது போல ஓர் இரைச்சல் மட்டும்தான். நாலு மணி நேரமும் இருவரும் பேசவில்லை. இறங்கும்போது, “நேரத்துக்கு சாப்புட்டு தூங்கு” என்று மட்டும் சொன்னார். அந்த மௌனத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. சென்னைக்குப் போன நண்பரிடம் அதே அளவில் இரண்டு ஸ்பீக்கர் கொடுத்தனுப்பினேன்.

அவற்றை மாட்டிய அன்றே அண்ணன் வீடியோவில் வந்தார். கேபின் முழுக்கப் பாட்டு. முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் பாட்டுக்குப் பின்னால் மெல்லியதாகக் கீச்சென்று ஒரு சத்தம் எனக்குக் கேட்டது.

“அண்ணா, பாட்டை நிறுத்து. பெல்ட் கத்துது.”

“அது ரொம்ப நாளா கத்துதுடா. இப்ப பாட்டு போட்டா கேக்கவே மாட்டேங்குது.”

தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொன்னேன். ‘பாக்கறேன்’ என்றார். அடுத்த வாரமும் ‘பாக்கறேன்’ என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? கையை நீட்டினால் எட்டுகிற தூரத்திலா அந்த பெல்ட் ஓடியது?

அவர் மகள் பிரியா படித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு, ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும். அன்று பௌர்ணமி, கிரிவலத்துக்குப் போகிறவர்களால் பஸ்ஸெல்லாம் கூட்டமாக இருக்கும் என்று அண்ணன் வண்டியிலேயே அழைத்துப் போனார். எனக்கு அழைப்பு வந்தபோது இங்கே மதியம் ஒன்றரை, அங்கே ஒன்பது. திரையில் புகை. பாதி வழியில் பெல்ட் அறுந்திருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால், ஆவி கிளம்பும் வரை அண்ணனுக்குத் தெரியவில்லை.

“இன்னாடா பண்றது, சொல்லு” என்றார்.

அண்ணன் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. நான் சொல்ல ஆரம்பித்தேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்றேன். போனைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். நைலான் கயிறு இருந்தால் பெல்ட் மாதிரி கட்டிப் பார் என்றேன். கட்டினார். வழுக்கியது. மறுபடி கட்டினார். அறுந்தது. நான் இன்ஜினைப் பார்ப்பதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது பிரியா. இன்னொரு கையில் சான்றிதழ் ஃபைல்.

“சித்தப்பா, மணி ஆவுது.”

“ஒரு நிமிஷம் இரும்மா, இப்ப ஓடிரும்.”

இருபத்தைந்து நிமிடம் அப்படிப் போனது. அவளை முதலில் ஏதாவது பைக்கில் ஏற்றி அனுப்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த தீவனக் கடைக்காரர் ஒருவர் தானாகவே பைக்கை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டு போனார். அவள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐம்பது. கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாயந்திரம் அவளிடம் பேசினேன். என் தப்புதான் என்றேன். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். “விடுங்க சித்தப்பா. நீங்க அங்கேருந்து இன்னா பண்ணுவீங்க, பாவம்” என்றாள். திட்டியிருக்கலாம். அன்றைய சூட்டில் வண்டியின் இன்ஜின் ஹெட் விரிசல் விட்டிருந்தது. அண்ணன் இப்போது இன்னொருவருடைய வேனை ஓட்டுகிறார்.

போன மாதம் விடுப்பில் ஊருக்குப் போனேன். பிரியாவுக்கு வேறொரு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. நானே பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கூட வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டினார். பெயர் எழுதினேன். கீழ்பென்னாத்தூர் வீட்டு முகவரியை ஒரு கணமும் யோசிக்காமல் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் போன் நம்பரையும் அதே வேகத்தில் எழுதினேன். வாட்ச்மேன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இன்னாங்க இது, அறுவத்தொண்ணுனு ஆரம்பிக்குது? ஊரு நம்ம ஊருதானே? பொண்ணுக்கு ஏதாச்சும்னா இந்த நம்பருக்குக் கூப்ட்டா நீங்க வருவீங்களா?”

பேனாவைத் திரும்ப வாங்கி, என் ஆஸ்திரேலிய நம்பரை அடித்துவிட்டு அதன் மேல் அண்ணனுடைய நம்பரை எழுதினேன்.