அந்தோனி அண்ணனின் கடைசிச் சொல்

போன கிழமை பாலாவிச் சந்தியில் பஸ் நின்றபோது, முன்னால் நின்ற லொறியின் பின்பலகையில் "பாவிகளே, நியாயத்தீர்ப்பு வருகிறது" என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதை வாசித்து முடிப்பதற்குள் கொண்டக்டர், "வயசான மனிசன் பாவம், ஆராவது எழும்பி இடம் குடுங்க" என்று சத்தம் போட்டார். நல்ல சோடி என்று சிரிப்பு வந்தது. கூடவே செலின் அக்காவின் முகமும் வந்துவிட்டது. பிறகு வீடு வந்து சேரும்வரை மனம் சரியில்லை.

நான் தில்லையடிக்காரி. முதல் வேலை கற்பிட்டிப் பக்கம், கத்தோலிக்கக் கரையூர் ஒன்றில், தமிழ் டீச்சராக. என் முக்காட்டில் கருவாட்டு வாசம் ஏறாத நாளில்லை. "படிப்பிக்கிறியா, மீன் விக்கிறியா?" என்று வாப்பா கேட்பார். நான் தங்கியிருந்த அறைக்கு அடுத்த வீடு செலின் அக்காவுடையது. அவரும் அந்தோனி அண்ணனும் கோயிலில் கலியாணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அண்ணனின் முதல் மனைவி சிலாபத்தில் இருந்தார். விடியுமுன் கடலுக்குப் போகும்போது, தேத்தண்ணி போட எழும்புகிறவரிடம் அண்ணன், "பாவம் செலின், நீ படு" என்பார். வேலிக்கு இங்கால் எனக்குக் கேட்கும்.

ஒருநாள் வள்ளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் மௌத்தாகிவிட்டார்.

"பாவத்தில செத்தவனுக்கு மணியும் இல்ல, சவக்காலைக்குள்ள இடமும் இல்ல. வேலிக்கு வெளியதான்" என்றார் கோயில் காரியம் பார்க்கும் மூப்பர். பாதர் வள்ளத்தில் கூடப் போன சூசையைக் கூப்பிட்டார். "கடைசியில மனம் வருந்தினதுக்கு ஏதும் அடையாளம் இருக்கா?"

"'பாவம்... செலின்...' எண்டார் பாதர். அதோட சரி."

மூப்பர் நிமிர்ந்தார். "பாத்திங்களா! செலினோட இருந்தது பாவம் எண்டு ஒத்துக்கொண்டிட்டான்." அவரும் உள்ளுக்குள் ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பாருங்கள்.

பாதர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், தமிழ்ல இதை எப்பிடி எடுக்கிறது?" ஒரு முஸ்லிம் பிள்ளையிடம் பாவத்துக்குப் பொருள் கேட்ட முதல் பாதர் அவராகத்தான் இருக்கும்.

"ரெண்டு மாதிரியும் எடுக்கலாம் பாதர்" என்றேன். படித்த படிப்பின் இலட்சணம் அவ்வளவுதான். இரக்கப்பட்டுச் சொன்ன சொல்லென்றால் அடக்கம் வேலிக்கு வெளியே. குற்றத்தை ஒத்துக்கொண்ட சொல்லென்றால் மணி அடிக்கும். ஆனால் அந்தக் குற்றம் செலின் அக்காதான், அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைதான்.

"நீ சொல்லு மகள்" என்று பாதர் செலின் அக்காவிடம் கேட்டார். "உன்னைப் பாத்து முந்தி எப்பவாவது அப்பிடிச் சொல்லுவாரா?"

செலின் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்காதே என்ற பார்வை. பிறகு பாதரிடம் திரும்பினார்.

"இல்ல பாதர். ஒருநாளும் சொன்னதில்ல. அது பாவசங்கீர்த்தனம்தான்."

மணி அடித்தது. மனம் திரும்பிய மனிதரின் பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய பாவம் எப்படி நிற்கும்? மூப்பர் தன்மையாகத்தான் சொன்னார். அடக்கம் முடியும்வரை செலின் அக்கா வேலிக்கு வெளியே நின்றார்.

இப்போது அங்கே அந்த வேலி இல்லை. இன்றைய பாதர் யாருடைய வாழ்க்கையையும் கிண்டுவதில்லை; செத்தவர் எவரானாலும் மணி அடிக்கிறது. சந்தோஷம்தான். கோபமும் வருகிறது. செலின் அக்காவும் போய்விட்டார். இன்றென்றால் பெட்டியைக் கட்டிப்பிடித்து, ஊருக்கே கேட்கச் சொல்லி அழுதிருப்பார், என்னைத்தான் பாவம் என்றார் என்று.