எக்கோப் பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு

எக்கோப் பெட்டியில் நாலு குமிழ்கள் உண்டு. மூன்றாவது குமிழின் ஓரத்தில் மிளகளவு சிவப்புப் பொட்டு இருக்கும். நகப்பூச்சுத்தான். வைத்தவள் என் சின்ன மச்சாள், மனைவியின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்குப் பத்து வயது. மண்டபத்தில் விளக்கைக் குறைத்ததும் நான் குமிழைத் தடவித் தடவித் திருப்புவதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அக்காவின் நகப்பூச்சைக் களவாகக் கொண்டு வந்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "இதுதான் எங்கட ஆக்களின்ர எக்கோ, அத்தான். இதுக்குக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றாள். என்னை விட நன்றாகக் கேட்டிருக்கிறாள் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியது. அன்றைக்கு அது சந்தோசமாக இருந்தது. பிறகுதான் அது நெஞ்சில் முள்ளாகிப் போனது.

கிழமை நாட்களில் நான் சுவிஸில், பேர்ன் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. சனி, ஞாயிறில் ஓஸ்டர்முண்டிகன், பூம்ப்ளிஸ் பக்கத்து மண்டபங்களில் சவுண்ட்காரன். சாமத்திய வீடு, கலியாணம், பிறந்தநாள் எதுவானாலும் ஸ்பீக்கர், மைக், வயர் எல்லாம் என்னுடையவை. ஒருவரும் சொல்லித்தரவில்லை. பழைய ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டி, இரண்டு தரம் கரண்ட் அடி வாங்கிப் பழகினேன். எக்கோப் பெட்டியைப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்தேன். உள்ளே ஒரு ஒலிநாடா வளையமாக ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் சொன்னதைப் பிடித்து, கொஞ்சம் பிந்தித் திருப்பிச் சொல்லும். எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் விழா இல்லை. வழக்கமாக அறிவிப்புச் செய்யும் அண்ணை ஒருவர் சொல்லுவார்: "எக்கோ இல்லாமல் மேடையில கதைக்கிறது உடுப்பில்லாமல் நிக்கிற மாதிரியடா தம்பி." மண்டபத்துக்குப் பொறுப்பான சுவிஸ்காரருக்கோ எங்கள் சத்தம் ஒத்துவராது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான். "அங்கிள், ஒண்டுமே விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்று சிரிப்பார்கள். என் சின்ன மச்சாள் மட்டும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

2009 மே மாதம் விழா ஒன்றும் இல்லை. அஞ்சலிக் கூட்டம்தான். அறிவிப்பாளர் அண்ணை என்னிடம் வந்து, "இண்டைக்கு எக்கோ வேண்டாம் தம்பி, யுத்தத்தில செத்த ஆக்களின்ர பேர் வாசிக்கிறது" என்றார். மூன்றாவது குமிழைப் பொட்டிலிருந்து நகர்த்தி முழுதாகப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்தது அன்றைக்குத்தான் முதல் தரம். வழக்கம்போல மைக்கைச் சோதிக்கப் போனேன். "ஹலோ, ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணிக்கொண்டு நிமிர்ந்தால், பெயர்ப் பட்டியல் ஸ்டாண்டில் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்தது. அதில் ஊரில் விட்டுவந்த என் தங்கையின் பெயரும் இருந்தது. இருக்கும் என்று தெரியும். ஆனால் தெரிவது வேறு, எழுதியிருப்பதைக் காண்பது வேறு. மூண்டுக்குப் பிறகு எனக்குக் குரல் வரவில்லை. மைக்கை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். பதினைந்து வயது மச்சாள் மேடையோரமாக, பள்ளிக்கூடத்தில் தந்த சின்ன ரெக்கோடரோடு நின்றாள். எதையோ பதிகிறாள் என்று நினைத்தேன். என்னத்தை என்று கேட்கவில்லை.

பிறகு அவள் லுசேர்ணில் இசை படிக்கப் போனாள். வீணையோ வயலினோ என்று மாமி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பார்த்தால் சின்னச் சின்னப் பெட்டிகளை வயர்களால் கோர்த்து, அதற்குள் ஒலிகளை விட்டு, நீட்டி, நொறுக்கி வாசிக்கிற இசை. மேளம் இல்லை, மெட்டு இல்லை. நாங்கள் சிரித்தோம். உண்மையைச் சொன்னால் நான்தான் அதிகம் சிரித்தேன். அப்படி இருக்க, ஒருநாள் பேர்ன் பேப்பரில் அவளுடைய படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. தன் சனத்தின் ஒலியைப் புதிய இசையாக்கும் இளம் கலைஞர் என்று எழுதியிருந்தார்கள். மனைவி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படம் என்னைப் பார்த்தது. எத்தனை வருடம் ஸ்பீக்கர் தூக்கினேன்! நான் செய்தால் காதைக் கிழிக்கிற சத்தம். அவள் செய்தால் கலை. பால் விடாத தேத்தண்ணி குடிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அவள் வீட்டுக்கு வந்து, "அத்தான், உங்கட எக்கோப் பெட்டியை ஒரு மாதத்துக்குத் தாங்கோவன்" என்று கேட்டாள். என்னத்துக்கு என்றேன். "எனக்கு ஊர் தெரியாது அத்தான். எனக்குத் தெரிஞ்ச தமிழ் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளால வந்தது. அதை வைச்சு ஒண்டு செய்யப் போறன்." யாராவது என் வேலையைப் பற்றி இப்படிச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். சொன்னவளிடம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அது பழுதாப் போச்சு. போன வருசமே எறிஞ்சிட்டன்" என்றேன். பெட்டி வீட்டுக்குக் கீழே கெல்லர் என்கிற நிலவறையில், துணி போட்டு மூடியபடி நல்ல சுகத்தோடு இருந்தது. "ஓ, சரி அத்தான்" என்று எழும்பிப் போனாள். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அதை வைச்சு என்ன செய்யப்போறியள், முட்டை இடுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அவளுடைய கச்சேரி, பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில். மனைவி இழுத்துக்கொண்டு போனாள். கறுப்பு உடுப்புப் போட்ட சனம் நிலத்தில் இருந்தது. அவளோடு வாசித்த குர்திஷ் பெண் தன் தகப்பனின் தந்தி வாத்தியத்தின் ஒலியை ஒரு கருவிக்குள் விட்டு மணல் உதிர்வதுபோல உதிரவைத்தாள். நான் குறை பிடிக்கப் போனவன், குறை உடனே கிடைத்தது. இடதுபக்க ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். எர்த் சரியில்லை. "இவ்வளவு படிச்சும் எர்த் குடுக்கத் தெரியேல்லை" என்று மனைவியின் காதில் சொன்னேன். அப்படி ஒரு ஆனந்தம்! அந்த இரைச்சல் கூடிக்கூடி வந்தது. அதற்குள் தேங்காய் உடைகிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம், "வாகன இலக்கம்" என்று அறிவிப்பாளர் அண்ணை கூப்பிடுகிற குரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரைச்சல் என்னுடையது. என் பழைய அம்ப்ளிஃபயர் எத்தனையோ வருடம் விடாமல் போட்ட இரைச்சல். அவள் அதைத் தம்பூரா போலக் கீழே ஓடவிட்டிருந்தாள்.

பிறகு எல்லாம் ஓய்ந்தது. ஒரு ஆம்பிளைக் குரல், எக்கோ இல்லாமல், "ஹலோ" என்றது. "ஒண்டு. ரெண்டு. மூண்டு." அதற்குப் பிறகு ஒரு மூச்சு. வேறொன்றும் இல்லை. திரும்பவும் "ஒண்டு" என்று தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மூண்டில் நின்றது. என் குரலை நான் உடுப்பில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான். மனைவி என் கையைப் பிடித்தாள். முன்னால் இருந்த சுவிஸ் மனுசி கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. அழுதது என் குரலுக்கு, கைதட்டியது அவளுக்கு. அந்த நேரத்திலும் என் மனம் அதைத்தான் பிரித்துப் பார்த்தது, என்ன செய்ய!

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூம்ப்ளிசில் அவளுடைய அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவள் பெட்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "கெல்லருக்குள்ள இருக்கெண்டு அக்கா அண்டைக்கே சொன்னவ."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்கள் தரமாட்டியள் எண்டும் சொன்னவ. அதாலதான் வேற மாதிரிச் செய்தன். தந்திருந்தால் எல்லாத்தையும் எக்கோவுக்குள்ள ஒளிச்சிருப்பன், அத்தான்." பிறகு சிரிப்பை விட்டு, "உங்களிட்டக் கேக்காமல் அந்தக் குரலை எடுத்தது பிழை. பெட்டியை ஒளிச்சதுக்கும் அதுக்கும் சரியோ?" என்றாள். சரி என்றேன். பெட்டியை என்னிடமே திருப்பித் தந்தாள். தேத்தண்ணியும் தந்தாள், பால் விட்டு. என் எரிச்சலைக்கூட அவள் ஒரு கருவியாக்கி வாசித்துவிட்டாள் என்பதை நினைக்க இன்னும் எரிந்தது.

இப்போது அவள் நாடு நாடாகப் போய் வாசிக்கிறாள். எனக்கு இன்னும் சனிக்கிழமைகளும் மண்டபங்களும்தான். போன கிழமை ஒரு கலியாணம். சனம் வருவதற்கு முதல் வயர்களைப் பூட்டிவிட்டு, மூன்றாவது குமிழைப் பொட்டிலிருந்து பூச்சியத்துக்குத் திருப்பினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்றேன். வெறும் கதிரைகள் பார்த்துக்கொண்டிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலு" என்றேன். குரல் பின்சுவர் வரைக்கும் போனது. அந்த நேரம் பட்டுவேட்டியோடு உள்ளே வந்த அறிவிப்பாளர் அண்ணை, "தம்பி, எக்கோ எங்கயடா?" என்று கத்தினார். குமிழைத் திரும்பவும் சிவப்புப் பொட்டுக்குக் கொண்டு வந்தேன்.

ஒண்டும் ரெண்டும் மூண்டும் அவளிடம் இருக்கட்டும். நாலு என்னுடையது. அதை அவளுக்குச் சொல்லப் போவதில்லை.