முயலின் முன்பற்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அளவு சரிபார்க்கும் வேலையில் நான் சேர்ந்த வருடம், மேனாம்பேட்டு வீட்டில் ஒரு வெள்ளை முயல் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கியவள் தங்கை. தீனி போட்டது அம்மா. பால் சோறு, ஊறவைத்த ரொட்டி, சில நாள் இட்லி.

மழைக்காலம் முடியும்போது அது தட்டருகே வந்து மோந்துவிட்டுத் திரும்பிப்போகத் தொடங்கியது.

"கோவிச்சிக்கினு கீது," என்றாள் அம்மா.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண் தெளிவு. மூக்கில் சளி இல்லை. புழுக்கை சிறுத்திருந்தது. தாடை மயிர் எச்சிலில் ஊறியிருந்தது. உதட்டை விலக்கினால், கீழ்ப்பற்கள் வெளியே நீண்டிருந்தன. மேற்பற்கள் உள்ளே வளைந்திருந்தன. ஒன்றோடொன்று உரசித் தேயவேண்டியவை சந்திக்கவே இல்லை. இப்படியே விட்டால் பட்டினியில் செத்துவிடும்.

அப்பா கட்டிங் பிளேயரோடு வந்தார். "ஒரே வெட்டு. அவ்ளோதான்."

"வேணாம் நைனா. நீளவாக்குல பொளந்துக்கும்."

சட்டென்று விரிசல் விடும் பொருளை வெட்டக்கூடாது, தேய்க்கவேண்டும். மாட்டாஸ்பத்திரி மருத்துவரும் அதையே சொன்னார். தேய்க்கும் கருவி அவரிடம் இல்லை. கரையான்சாவடியில் தனக்குத் தெரிந்த பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே முயல் கூடையோடு காத்திருந்தேன். கன்னம் வீங்கிய ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதுக்குப் பல்லு செட்டா?"

"தேய்க்கணும்ணா."

"அப்ப அது முன்னாடி போவட்டும். அது கத்தலன்னா நான் போறேன்."

அது கத்தவில்லை. துண்டில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டேன். நாக்கில் படாமலிருக்கப் பற்களுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை வைத்தேன். மருத்துவர் பல் சூடேறாதபடி விட்டு விட்டுத் தேய்த்தார்.

"திரும்ப வளரும். அப்பப்ப கொண்டுவரணும். சோத்த நிறுத்திட்டுப் புல் குடுங்க, கடைவாய்ப் பல்லாவது தேயும்."

வீட்டில் சொன்னதும் அம்மா முகம் சுளித்தாள். "பல்லு சரியில்லாததுக்குப் புல்லா? புள்ள பெத்தவளுக்கு முறுக்கு குடுக்கிற கதையா கீது."

அருகம்புல் வைத்தோம். முயல் கவ்வப் பார்த்தது, தேய்த்த முன்பற்களில் பிடிபடாமல் புல் நழுவியது. மறுபடியும் நழுவியது. அம்மா புல்லைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றை எடுத்து வாயோரத்தில் செருகினாள். உதடு அதை மெல்ல உள்ளே இழுத்தது. கடைவாய் பக்கவாட்டில் அசைய, நறநறவென்று அரைபடும் சத்தம் கேட்டது.

அம்மா அடுத்த துண்டை நீட்டினாள்.

"மெதுவா துன்னு. நீ இன்னா ரயிலா புடிக்கப் போற?"