ஈப்போவிலிருந்து தெமோவுக்கு ஒரு மின்சார மோட்டார் சைக்கிளில்

கோபம் ஆறியபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். நான்கு மாதமாகியும் ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், ஈப்போ சிலிபினிலுள்ள என் வீட்டிலிருந்து தெமோவுக்கு உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மின்சார மோட்டார் சைக்கிளில் போனேன். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. என் உறவுக்காரர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள்.

உல்லாசத்துக்காகப் போகவில்லை. என் சித்தப்பா மகள் கமலா அந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறாள். முப்பத்து நான்கு வயது. கம்பாரிலுள்ள ஒரு தையல் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சேர வேண்டும். வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு. தோட்டத்திலிருந்து கம்பார் பதினான்கு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, தொழிற்சாலை வேன் தோட்டத்துக்குள் வராது. சொந்த வண்டி இருந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் மறுபடி வாளியும் உளியும்தான்.

இந்த நிலையில்தான் கோயில் திருவிழா அன்று ஈப்போவிலிருந்து ஒரு முகவர் தோட்டத்துக்கு வந்து மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்டியிருக்கிறார். பெட்ரோல் வேண்டாம், கியர் இல்லை, சத்தமில்லை, பெண்கள் ஓட்டலாம், ஒரு தடவை மின்னேற்றினால் எண்பது கிலோமீட்டர் போகும். இரவெல்லாம் கோயில் பக்கத்தில் மின்னேற்றி, விடிந்ததும் பெண்களை ஏற்றி மைதானத்தைச் சுற்ற விட்டார். ஏழு பெண்கள் வாங்குவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள், கமலா உட்பட. பிறகு எனக்குத் தொலைபேசினாள்.

"அக்கா, நீங்க சயன்ஸ் டீச்சர். ஒருவாட்டி ஓட்டிப் பாத்து சொல்லுங்கக்கா. நீங்க சரின்னா அவரும் சரிங்கிறாரு."

அவர் என்றால் அவள் கணவர் மணியம். அவரிடம் ஒரு பெட்ரோல் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதை ஏன் அவள் ஓட்டக் கூடாது என்று கேட்டேன். "அது கியர் வண்டிக்கா, குடுக்க மாட்டாரு" என்றாள். அந்தப் பதிலை அப்போது நான் மேலே கிளறவில்லை.

முகவரின் கடையில் மூன்று நாளைக்கு வண்டியை இரவல் வாங்கினேன். முகவர் மிகவும் மரியாதையான மனிதர். நான் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் சிரித்தார், எதற்கும் பதில் சொல்லவில்லை. விலை, அதே அளவு பெட்ரோல் வண்டியைவிட முந்நூறு வெள்ளி அதிகம். இருக்கைக்குக் கீழே நான்கு பேட்டரிகள், லாரியில் இருக்குமே அந்த மாதிரி. முழுக்க மின்னேற எட்டு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலை புறப்பட்டேன்.

முதல் பதினைந்து கிலோமீட்டர் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நன்றாக இருந்தது. குனோங் ராப்பாட்டில் சுண்ணாம்பு மலைகளை ஒட்டிப் போகும்போது பறவைச் சத்தம் கேட்டது. பதினைந்து வருடமாக மொபெட் ஓட்டுகிறேன், அந்தச் சாலையில் பறவைகள் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. சிம்பாங் பூலாயில் சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்து வண்டிக்காரர் என் வண்டி அணைந்துவிட்டதென்று நினைத்து, தள்ளிவிடட்டுமா என்று சைகை காட்டினார்.

கோப்பெங் தாண்டியதும் ஏற்றம். நாற்பதில் ஓடிய வண்டி முப்பதாகி, பிறகு இருபதாகியது. மர லாரிகள் என்னை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போயின. கம்பாருக்கு முந்திய மேட்டில், முப்பத்தாறாவது கிலோமீட்டரில், சத்தமே இல்லாமல் புறப்பட்ட வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. எண்பதில் பாதிகூட இல்லை. பேட்டரியோடு அதன் எடை பெட்ரோல் வண்டியைவிட அதிகம். மேட்டின் உச்சிவரை தள்ளினேன். இறக்கத்தில் அதுவாக உருண்டு, கம்பார் எல்லையில் காதர் என்பவரின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது.

"என்னக்கா இது? தையல் மிஷினுக்கு டயர் போட்ட மாதிரி இருக்கு?"

"மின்சார மோட்டார் சைக்கிள். கொஞ்சம் கரண்ட் கொடுக்க முடியுமா, அண்ணே?"

"போலே லா, முடியும். எவ்ளோ நேரம்?"

"முழுசாக ஏற எட்டு மணி நேரம்."

காதர் ரொட்டி சானாய் வீசுவதை நிறுத்திவிட்டார். "எட்டு மணி நேரமா? என் கடையே அவ்ளோ நேரம் தொறந்திருக்காதுக்கா. பேசாம நாலு ரொட்டி சாப்புட்டு நீங்களே ஓடலாம், சீக்கிரம் போயி சேருவீங்க."

கிண்டல் செய்தாலும், ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் வண்டிக்கு இடம் கொடுத்தார். நான் பால் விட்ட தே குடித்தேன், பத்திரிகை படித்தேன், மறுபடி தே குடித்தேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"தோட்டத்துக்கா? அங்க லைன்ல ராத்திரி மட்டும்தானே கரண்டு? எங்க இருந்துக்கா எட்டு மணி நேரம் புடிப்பீங்க?"

தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் கரண்ட் மாலை ஆறரைக்கு வரும், இரவு பத்துக்குப் போகும். இது எனக்குத் தெரியும், கமலாவுக்கும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சமாளிக்கலாம் என்றுதான் இருவரும் கணக்குப் போட்டிருந்தோம். ஆனால் காதர் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. திருவிழா இரவு மட்டும் தோட்டத்தில் ஜெனரேட்டர் விடிய விடிய ஓடும். வருடத்தில் அந்த ஒரு இரவாகப் பார்த்துத்தான் முகவர் வந்திருக்கிறார்.

மாலை நாலரைக்குக் காதரிடமிருந்து புறப்பட்டேன். கரண்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தெமோ சந்திப்பிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலை. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் ரப்பரை வெட்டிவிட்டுப் புதிதாக நட்ட எண்ணெய்ச் செம்பனை. மழை பெய்தால் இந்தச் சாலையில் எந்த வண்டியும் கஷ்டம்தான்.

மணியம் கோப்பி கொடுத்து உபசரித்தார். என் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "பெட்ரோலக் குடிக்கிதுக்கா. நான் ஞாயித்துக்கெழம டவுனுக்குப் போறதோட சரி. ஆனா டாங்கி காலி. ரெண்டு தடவ வொர்க்‌ஷாப்புல காட்டிட்டேன், ஒழுகலங்கிறான்." கமலா அடுப்படியில் ஏதோ வேலையாக இருந்தாள்.

ஆறரைக்குக் கரண்ட் வந்தது. லைன் வீடுகளில் விளக்குக்கு மட்டும்தான் இணைப்பு. பிளக் போட இடமே இல்லை. பல்பு மாட்டும் இடத்தில் இரட்டைத் தலை வைத்து மின்னேற்றியை மாட்டினோம். பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ். சனிக்கிழமை, தொலைக்காட்சியில் தமிழ்ப் படம். மூன்றாவது வீட்டில் பெட்டி இருந்தது, லைன் முழுக்க அங்கேதான் கூடியிருந்தது. கதாநாயகன் ஜெயிலிலிருந்து வந்து அம்மாவைத் தேடுகிற கட்டம். ஃபியூஸ் போய் எல்லாம் இருட்டாகியது.

"டேய், யாரு வீட்டுல இஸ்திரிப் பொட்டி?"

"கெளவிய பாக்குற நேரத்துலயா லா அணைப்பீங்க!"

"மணியம் வீட்டுலதான். ஈப்போ டீச்சர் கரண்டு மோட்டோ கொண்டாந்திருக்காங்க."

ஜெனரேட்டர் பார்க்கும் ராசு டார்ச் லைட்டோடு வந்தார். "அக்கா, இது பல்புக்கு உள்ள ஒயரு. கோயிலுக்குப் போறது வேற, மொத்தமான ஒயரு. இதுல அந்த வண்டியப் போட்டா வெடிச்சிடும். திரும்பப் போட்டீங்கன்னா கிராணி எனக்கு வேல இல்லன்னுடுவாரு."

மின்னேற்றியைக் கழற்றினேன். இருட்டில் எல்லோரும் வாசலில் நின்றிருக்க, மணியம் குரலை உயர்த்தினார்.

"நான் அப்பவே சொன்னேன். இதெல்லாம் சரிப்படாது. திங்கக்கெழம வரலன்னு சொல்லி விட்டுடு."

"ஒங்க மோட்டோ சும்மாதானே நிக்கிது" என்றாள் கமலா.

"அது கியர் வண்டி. பொம்பள ஓட்டறதா? கியர் எங்க இருக்குன்னாவது தெரியுமா ஒனக்கு?"

யாருக்கோ வழி சொல்வது போல, கமலா சொன்னாள்: "இடது கால்ல. முன்னுக்கு மிதிக்கணும். ரெண்டாவது கியர் வெட்டும், அதனால விட்டு மிதிக்கணும்."

பக்கத்து வீட்டுத் திண்ணாயிரம்தான் முதலில் சிரித்தார். "மச்சான்! ஒன் டாங்கி ஒழுகல மச்சான்!"

பன்னிரண்டு வீடும் சிரித்தது. மணியம் உள்ளே போய்விட்டார். மூன்று வருடமாக, கமலா, அவர் வேலைக்காட்டில் இருக்கும் மத்தியான நேரங்களில், பின்பக்கச் சாலையில் ஓட்டிப் பழகியிருக்கிறாள். பிறகு எதற்காக மின்சார வண்டிக்குப் பெயர் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அத ஓட்டினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. வெளையாட்டு வண்டி மாரி இருக்குல்ல."

இந்த வண்டியின் கவர்ச்சி இதுதான். முகவரின் விளம்பரத்தில் இது இல்லை. சத்தமில்லாததும் கியர் இல்லாததும் வசதி என்று நான் நினைத்திருந்தேன். எந்த ஆணும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடாத வண்டி என்பதற்காகத்தான் ஏழு பெண்கள் முந்நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோட்ட அலுவலகக் குமாஸ்தாவான கிராணியைப் பார்க்கப் போனேன். தோட்ட அலுவலகத்திலும் ரப்பர் ஆலையிலும் நாளெல்லாம் கரண்ட் உண்டு. ஆலைக் கொட்டகையில் ஒரு பிளக் கேட்டேன். கட்டணமும் கொடுக்கிறோம் என்றேன்.

"இன்னைக்கி இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கி லைன் முழுக்க வரும், டீச்சர். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

லைன் முழுக்க வந்தால் என்ன என்று கேட்டேன். மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். திரும்பி வரும் வழியில் தோட்ட மேலாளரான துரையின் பங்களா. பகல் பதினொரு மணிக்கு நாய்க்கூண்டுக்கு மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாய் வெளியே நிழலில் படுத்திருந்தது.

திங்கட்கிழமை அதிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில் கமலா பெட்ரோல் வண்டியை வெளியே எடுத்தாள். மின்சார வண்டிக்காக நான் வற்புறுத்தியதால் ஏற்கெனவே பழகுநருக்கான எல் லைசென்ஸ் எடுத்திருந்தாள். சிவப்பு எல் அட்டையை முதல் நாள் மாலை மணியம்தான் கட்டிவிட்டார், கம்பியை மிகவும் இறுக்கமாக முறுக்கி. ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் மண்டோர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதல் கியர், பிறகு இரண்டாவது. வெட்டியது. பெண்கள் வரிசையிலிருந்து யாரோ "விட்டு மிதி லா!" என்று கத்தினார்கள். வண்டியின் சத்தம் வெகு தூரம்வரை கேட்டது.

நான் மின்சார வண்டியை உருட்டியும் ஓட்டியும், காதரிடம் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தும் ஈப்போ திரும்பினேன். முகவரிடம் லைனில் நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், நாங்க வண்டிதான் விக்கிறோம். கரண்டு விக்கலியே" என்று சிரித்தார்.

"திருவிழா அன்று கரண்டைக் காட்டித்தான் விற்றீர்கள்" என்றேன். ஏழு பெயரையும் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லி, அடிக்கும்வரை அங்கேயே நின்றேன். அப்போதும் சிரித்தார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நகரத்தில் வீடும், வீட்டில் முழு நேர மின்சாரமும், பதினைந்து கிலோமீட்டருக்குள் வேலையும் இருந்தால் இந்த வண்டி மோசமில்லை. காலை நேரத்துச் சாலையை அது வேறு மாதிரி காட்டுகிறது. முகவர் சொல்லும் தூரத்தில் பாதிக்கும் கீழே கணக்கு வையுங்கள். கோப்பெங் தாண்டிப் போகாதீர்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். கோபத்தை வண்டிமேல் காட்டவும் வேண்டாம். அந்தக் கோபம் போக வேண்டிய இடம் அலுவலகமும் பங்களாவும். நான் இரண்டு இடத்துக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

பஸ்ஸில் போவதென்றால் ஈப்போவிலிருந்து கம்பாருக்கு ஒரு வெள்ளி எண்பது காசு. காதர் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும். அங்கிருந்து தோட்டத்துக்கு உள்ளே போக வண்டி தேட வேண்டாம். நாலு மணிக்கு வேலை முடிந்து கமலா அந்த வழியாகத்தான் வருகிறாள். சென்ற மாதம் முழு லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பின்னால் ஓர் ஆள் உட்காரலாம். ஹெல்மெட் மட்டும் நீங்கள் கொண்டு போங்கள். இன்னொன்று இருந்ததை மணியம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்னால் உட்காரும்போது போட்டுக்கொள்கிறார்.