சிமெண்டில் புதைத்த ரோஜா

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் பூக்கடை வைத்திருந்தாள். ஒரு மேஜை, மேலே ஒரு குடை, ஈரச்சாக்குக்கு அடியில் மல்லியும் ரோஜாவும். வீட்டில் அவளும் அண்ணனும் மட்டும்தான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. அந்த வருடம் மட்டும் லாரி கிளீனர், போர்வெல் வண்டி, பரோட்டாக் கடை என்று மூன்று வேலை. பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் பழகிவிட்டது. ஒருத்தியைப் பார்ப்பதற்காகவே ஓர் ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்ததுதான் எனக்குப் புதிது.

அண்ணனிடம் வந்து பேசட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். பூக் கட்டுகிற விரல்களை அவள் நிறுத்தவில்லை.

"என்னன்னு பேசுவீங்க? மாப்ளைக்கு என்ன வேலைன்னு எங்கண்ணன் கேட்டா, எந்த மாசம்னு திருப்பிக் கேப்பீங்களா?"

"அரியலூர்ல சிமெண்ட் மூட்டை ஏத்துற வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குப் போறேன்."

"அப்ப தை பொறக்குற வரைக்கும் அங்கயே இருந்துட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

சாக்கை விலக்கி ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்து நீட்டினாள். காசு வாங்காமல் அவள் பூக் கொடுத்து நான் பார்த்ததில்லை. "இது வாடறதுக்குள்ள நீங்க ஓடிருவீங்க, பாருங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

அப்போது புரட்டாசி. தைக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பூவை எப்படியாவது வைத்திருந்து அவளிடம் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அரியலூரில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ரோஜாவை நூலில் கட்டி ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். மறுநாளே கூட இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"யோவ், காஞ்ச பூவ யாராச்சும் வூட்டுக்குள்ள வைப்பாங்களா? சாமி படத்துல வாடுனாலே எடுத்துப் போட்டுருவோம். இருக்கிற வேலையும் போயிரும்யா."

"பூவ வுடு. குடுத்தது யாருன்னு சொல்லச் சொல்லு மொதல்ல" என்றான் இன்னொருவன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது பூ வெளியே படிக்கட்டில் கிடந்தது. பாதிதான் காய்ந்திருந்தது. எடுத்து ஊதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் ரோஜாவை ஏதோ வெள்ளை மணிகளுக்குள் புதைத்து வைத்தாள். அது ஈரத்தை இழுத்துவிடுமாம், பூ அப்படியே இருக்குமாம். அந்த மணி எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஈரத்தை இழுப்பதில் சிமெண்டை மிஞ்ச முடியுமா? பால்பவுடர் டப்பா ஒன்றில் சிமெண்டை நிரப்பி, நடுவில் பூவை நிறுத்தி, இதழ் இதழாக இடுக்கில் தூளைத் தூவி மூடினேன். அன்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் லோடு நின்றுபோனது. வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. டீயும் பன்னுமாகச் சில நாட்கள் போயின. திருப்பூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் கூப்பிட்டான். பையில் துணிகளை அடுக்கினேன். கடைசியாக டப்பாவை எடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் போய் யாரிடம் காட்டுவது? துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டேன்.

பொங்கல் முடிந்து டப்பாவைத் திறந்து கவிழ்த்தேன். கொஞ்சம் தூள் கொட்டியது. பிறகு சின்னத் தேங்காய் அளவில் ஒரு கட்டி 'டொக்' என்று தரையில் விழுந்தது. இழுத்த ஈரத்தை வைத்துக்கொண்டு சிமெண்ட் என்ன செய்யும் என்பதை, நாள் முழுக்க அதையே முதுகில் சுமந்த நான் யோசிக்கவில்லை. அறையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பூவுக்குச் சமாதி கட்டிட்டியேய்யா!"

கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். கையில் வேறு எதுவும் இல்லை.

"என்னங்க, கல்லு கொண்டாந்திருக்கீங்க?"

"நீ குடுத்த ரோசா. உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"சிமெண்ட்டுக்குள்ள."

பக்கத்தில் கரும்புச்சாறு விற்கும் அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, எல்லாரும் பூவத் தலையில வைப்பாங்க. இந்தாளு வூடு கட்டுற கடக்கால்ல வைப்பாரு போலருக்கே!"

அவள் சிரிக்கவில்லை. எடைக்கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். கட்டி பிளந்தது. பூ கறுத்துப்போயிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. ஆனால் அது இருந்த குழியில் ஒவ்வொரு இதழின் மடிப்பும் பதிந்திருந்தது. ஒரு மடிப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"நெசமாவே அங்கயே இருந்தீங்களா?"

"இருந்தேன். ஒரு தடவ மட்டும் பையக் கட்டுனேன். அப்பறம் அவுத்துட்டேன்."

"எதுக்குக் கட்டுனீங்க?"

"பசிச்சுது."

யாரோ வந்து இரண்டு முழம் மல்லி கேட்டார்கள். அவள் அளந்து, நறுக்கி, இலையில் மடித்துக் கொடுத்தாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அண்ணே, வர்றப்ப நாலு இட்லி சேத்து வாங்கிட்டு வாண்ணே... இல்ல, எனக்கில்ல. நீ வா, வந்து பேசு."