துப்பட்டாவுக்கு இரண்டு பேர் போட்டி

கூடுவாஞ்சேரியில் நானும் அக்காவும் தங்கிப் படித்த பெண்கள் மதரஸாவில், பெரிய பிள்ளைகள் செய்யும் கைவேலையை இன்டர்நெட்டில் ஏலம் விட்டு விற்பார்கள். ரயிலடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த எங்கள் மாமாதான் படம் பிடித்துப் போடுவார். தையல் எங்கே பிசகியிருக்கிறதோ அதையும் படம் பிடித்துப் போட வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம் எடுத்த ஆலிமாவின் கண்டிப்பு. குறையைக் காட்டினால் எவன் வாங்குவான் என்று மாமா அலுத்துக்கொள்வார்.

அக்கா மூன்று மாதம் உட்கார்ந்து பூ போட்ட துப்பட்டாவைக் கோயம்புத்தூரில் ஒரே ஒரு அம்மாள்தான் கேட்டிருந்தாள். அதுவும் ஆரம்ப விலையான முந்நூறு ரூபாய்க்கு. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது, எதையும் சரி செய்துவிடலாம் என்ற நம்பிக்கை நிறைய இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவில் மாமா கடைக்குப் போய், நாமே விலையை ஏற்றிக் கேட்கலாம் என்று கெஞ்சினேன்.

“இன்னா புள்ள, பேஜார் பண்றே. ஆலிமாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவாங்க” என்றார். என் அழுகை தாங்காமல் வேறு பெயரில் கேட்டார். கோயம்புத்தூர் அம்மாள் ஏற்றினாள். நாங்களும் ஏற்றினோம். அவள் எழுநூறு என்றதும் மாமா பயந்து நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “என் துப்பட்டாவுக்கு ரெண்டு பேர் போட்டி போட்டாங்கடி” என்று துணி துவைக்கும் இடத்தில் எல்லோரிடமும் சொன்னாள்.

ஒருநாள் வகுப்பில் ஆலிமா, வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்றார். நான் எழுந்து நின்றேன்.

“அக்காவுக்காக ஏத்தினாக்கூடவா?”

ஆலிமா திட்டவில்லை. மாமாவை வரவழைத்து, நடந்ததைக் கோயம்புத்தூருக்கு எழுதச் சொல்லி, முந்நூறு போக மீதியைத் திருப்பி அனுப்ப வைத்தார். எனக்கு ஒரே குழப்பம். அந்த அம்மாள் ஆசைப்பட்டுத்தான் ஏற்றினாள், துப்பட்டாவும் போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் அழவில்லை. இதில் பாவம் எங்கே வந்தது?

பணம் போனதற்கு ஆறுதல் சொல்ல அக்காவிடம் போனேன். அவள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

“அந்த ரெண்டாவது ஆளு நீதானா?”

“நான்தான்கா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். கோயம்புத்தூர் அம்மாளின் பணம்தான் திரும்பிப் போய்விட்டதே, இவளிடமிருந்து நான் எதை எடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் அன்று எனக்கு விளங்கவில்லை.