மகள் ஓடாத நாட்கள்

என் மகளுக்கு இப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாக்கெட் கொக்கிகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி வைப்பாள். இட்லியும் சட்னியும் ஒரே தட்டில் இருந்தால் தொடமாட்டாள், இரண்டுக்கும் தனித்தனித் தட்டு வேண்டும். மழை பெய்து கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டால், கடைசிப் பொட்டு போகிறவரை வாசலில் நின்று சுரண்டுவாள். அடுத்த மழையே வந்துவிடும் போலிருக்கும். எப்போதாவது பெய்கிற கோவில்பட்டி மழையை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று புரியும்.

ஆட்டிசம் என்று மதுரையில் டாக்டர் சொன்னபோது அவளுக்கு நாலு வயது. அன்று ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அழுதேன். இப்போது அழுவதில்லை, அதற்கு நேரமும் இல்லை. எங்கள் வீடு சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷத்தைப் பற்றி. அந்த வருஷம் நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன்.

முதல் இரண்டு வகுப்புகளில் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பேச்சு குறைவு என்றாலும் எழுதுவாள், எண்களை விடவே மாட்டாள். மூன்றாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்திலிருந்து திடீரென்று வகுப்பை விட்டு ஓட ஆரம்பித்தாள். நாளுக்கு மூன்று தடவை, நாலு தடவை. ஒருநாள் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கே போய்விட்டாள். தீப்பெட்டி ஏற்றி வந்த லாரிக்காரர் பிரேக் போட்ட புண்ணியத்தில் பிள்ளை பிழைத்தது. அன்று சாயங்காலம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, அரைப்பரீட்சை வரைக்கும் பார்ப்போம், அப்புறமும் இப்படியே என்றால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது.

வேறு பள்ளிக்கூடம் என்றால் எங்கே? இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். அவளுக்கு ஆசையாகப் பென்சில் சீவிக்கொடுக்கிற இரண்டு சிநேகிதிகளும் இங்கேதான் இருந்தார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, தினமும் நடப்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை தடவை ஓடினாள், எல்லாம் எழுதினேன். நவம்பரில் ஒருநாள் உட்கார்ந்து முழுவதும் புரட்டினேன். மாதத்துக்கு ஒரே ஒரு நாள் அவள் ஓடவே இல்லை. அந்த நாட்களில் சாப்பாடு வேறு வேறு, தூக்கம் வேறு வேறு. ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது. அந்த நாட்களில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது நான்.

மற்ற நாட்களில் விடுவது என் கணவர். அவர் லைன்மேன். மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக ஊரில் கரண்ட்டை நிறுத்துவார்கள். அன்று மட்டும் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார், நான் ஆட்டோவில் கூட்டிப்போவேன். மற்ற நாளெல்லாம் அப்பாவும் மகளும் பைக்கில்தான். வழியில் வருகிற ஒவ்வொரு மின்கம்பத்தின் நம்பரையும் அவர் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, பள்ளிக்கூட வாசல்வரை அதே பாட்டு.

எனக்குக் கண்டுபிடித்துவிட்ட திமிர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நோட்டை முன்னால் விரித்துப் போட்டேன்.

"நீங்க கொண்டுபோய் விடாத அன்னைக்கு மட்டும்தான் பிள்ளை ஒழுங்கா இருக்கு. நம்பரு நம்பருன்னு சொல்லி நீங்கதான் அவளை உசுப்பேத்தி விடுதீங்க."

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வாதாடியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். மறுநாளிலிருந்து அவள் எழுந்திருப்பதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பினார்.

அவள் எட்டரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, பைக் நிற்கிற இடத்தில் போய் நிற்பாள். நான் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றுவேன். பள்ளிக்கூடத்தில் பழையபடி ஓடினாள். என் கணக்கு தப்பு என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. பழக்கம் மாறப் பத்து நாளாவது ஆகும் என்று சாதித்தேன். அவர் அதையும் நம்பினார்.

மூன்றாவது வாரம் தலைமை ஆசிரியை வரச் சொன்னார். எதற்கு என்று தெரியும். அன்று கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். அவர் பாடம் முடித்து வரட்டும் என்று வராந்தா பெஞ்சில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். அப்போது பள்ளிக்கூட ஆயாம்மா ஒரு இரும்புக் கம்பியோடு வந்து, மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் அடித்தார். பாடவேளை முடிந்தது. ஜன்னல் வழியாக என் மகளைப் பார்த்தேன். பாடம் மாறுகிற நேரத்தில்தான் ஓடுவாள் என்று டீச்சர்கள் சொல்லியிருந்ததால், ஓடப்போகிறாள் என்று நான் எழுந்தே விட்டேன். அவள் தமிழ்ப் புத்தகத்தை உள்ளே வைத்தாள், கணக்குப் புத்தகத்தை வெளியே எடுத்தாள்.

தினமும் இதைத்தான் அடிப்பீர்களா என்று ஆயாம்மாவிடம் கேட்டேன்.

"கரண்ட் இல்லைலா தாயி, அதான். மத்த நாள்ல அந்தா அந்தப் பெல்லுதான். ஜூன் மாசம் புதுசா மாட்டுனாவ. அடிச்சா எனக்கே காது கிழிஞ்சுபோவும்."

அவர் கை காட்டிய இடம் மூன்றாம் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. தையல் மெஷின் ஓட ஓடப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பிள்ளை, கோயில் கொடைத் திருவிழாவில் மேளக்காரர்கள் பக்கத்தில் போய் நிற்கிற பிள்ளை. வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. வலிக்கிற இடத்தை விட்டுப் போகத்தான் தெரியும்.

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு என்னோடு வெளியே வந்து, அந்த மணியை அண்ணாந்து பார்த்தார். ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தையே அடிக்கச் சொல்கிறேன் என்றார்.

அந்த ஒரு வாரமும் கணவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. இதுவும் தப்பாகிப்போனால் என்ன செய்வது என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பயம், பாதி வீம்பு. அவர் இருட்டோடு கிளம்பிக்கொண்டே இருந்தார், நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு நாளும் அவள் ஒரு தடவைகூட ஓடவில்லை. சனிக்கிழமை தலைமை ஆசிரியையே போன் செய்து, பிள்ளை இங்கேயே படிக்கட்டும், அந்த மணி இனி வேண்டாம் என்றார்.

சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். மணியைப் பற்றி, தண்டவாளத்தைப் பற்றி, ஒரு வாரம் மறைத்ததைப் பற்றி. காரணம் நீங்கள் இல்லை, கரண்ட்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கரண்ட்ட நிப்பாட்டுனதே நான்தான். எனக்கும் தோணலை பாரு" என்றார். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, "நான் இல்லாட்டாதான் அவ நல்லா இருப்பான்னா, அப்படியே இருந்துட்டுப் போவோம்னு நெனச்சுட்டேன்" என்றார்.

உள்ளே மகள் கொக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ திங்கக்கெழம நான் கொண்டுபோய் விடட்டா?"

பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அவர் என்னிடம் அனுமதி கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன்.